‘கட்டாயமில்லை’ என்று சொன்ன மகளுக்கு

பார்க் எக்ஸ்ரென்ஷன்,
மொன்றியல்.
கார்த்திகை, ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் சாம்பவிக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் முருகன் துணையால் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்ணில் நீ சுகமா என்று கேட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். இது உண்மையான கேள்வி. எங்கள் சந்தியில் இருக்கிற டெப்பனர் கடைக்காரன் ‘ஸாவா?’ என்று சுகம் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்க முந்தியே அடுத்த ஆளுக்குப் பால் விற்றுக்கொண்டு நிற்பான், அப்படிக் கேட்கிற கேள்வி இல்லை. நீ சுகமாக இருந்தால் சுகம் என்று எழுது, இல்லாவிட்டால் இல்லை என்று எழுது, ‘இருக்கிறன் அப்பா, போகுது’ என்று மட்டும் எழுதாதே. போகுது என்றால் எது போகுது, எங்கே போகுது என்று யோசித்து யோசித்து என் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிக்க முன்னம் ‘சரி அப்பா, மீற்றிங் ஒண்டு இருக்கு, பேந்து எடுக்கிறன்’ என்கிறாய். அந்தப் பேந்து எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள். தாளுக்கு மீற்றிங் கிடையாது, அது நான் முடிக்கும்வரை பேசாமல் கிடக்கும், ஆகவே தாளில் எழுதுகிறேன், நீயும் இருந்து வாசி.

வீட்டுச் செய்தி என்றால், முதல் பனி இன்னும் நிலத்தில் தங்கவில்லை, ஆனால் அம்மாவின் முழங்கால் அதை முந்திக்கொண்டு அறிவித்துவிட்டது. தம்பி தனோஜன் வேலையால் வந்ததும் காதில் அந்த வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு யாரோடோ மூன்று பாஷையில் கதைக்கிறான், ‘லைக்’ என்ற ஒரு சொல் சோற்றுக்குள் கல் மாதிரி வாய்க்கு வாய் கடிபடுகிறது. நான் எதைச் சொன்னாலும் ‘அது ஓகே அப்பா, சே பா கிராவ்’ என்கிறான், பெரிய விசயமில்லையாம். இந்த ஊரில் மெத்ரோவில் காலை மிதிக்கிறவனும் அதைத்தான் சொல்லுகிறான், மிதிபட்டவன் சொல்லவேண்டியதை மிதித்தவன் சொல்லுகிறான். கீழ்வீட்டில் குடியிருக்கிற கோபிகா, சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் அவளுக்கு எல்லாம் ‘சூப்பர் அங்கிள்’. நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவித்துக்கொண்டு வீங்கின கன்னத்தோடு வந்து அதைச் சொன்னபோதும் சூப்பர் என்றாள். நிரஞ்சனி சித்தியைச் சொல்லவே வேண்டாம், லவாலில் புது வீடு வாங்கினபிறகு ‘உண்மையைச் சொல்லப்போனா அத்தான்’ என்று தொடங்காமல் அவளிடமிருந்து ஒரு கதையும் வருவதில்லை. அப்ப இவ்வளவு காலமும் சொன்னது என்ன என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன், பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. உங்களுக்கு வாத்தியார் வேலை கிடைக்காததற்கு ஊரில் உள்ளவர்கள் எல்லாம் ஏன் சோதனை எழுதவேண்டும் என்று அம்மா என்னைக் கேட்கிறாள்.

ஆனால் பிழையாகக் கதைக்கிறார்கள் என்பதற்காக மனம் நோகிற ஆள் நான் இல்லை, அது உனக்குத் தெரியும். சின்னதில் உன்னைக் கார்டெரிப் பிள்ளைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடத் தொடங்கிய காலத்தில் உன் தமிழ் அப்படியே கலங்கிப் போயிருந்தது. ‘அப்பா வந்திட்டுது, அப்பா சாப்பிட்டுது, அப்பா வேலைக்குப் போச்சுது’ என்பாய், ஆட்டையும் மாட்டையும் சொல்லுகிற மாதிரி. திருத்துங்கோ, பிள்ளை பழகிப்போகும் என்று சித்தி சொன்னாள். நான் திருத்தவில்லை. துறைமுகத்துப் பக்கம் பண்டசாலையில் நாள் முழுக்கப் பெட்டி இறக்கிவிட்டு விரல் விறைக்கப் படியேறி வருகிறவனை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ‘அப்பா வந்திட்டுது!’ என்று ஒரு பிள்ளை கத்தினால் அதில் போய் யார் இலக்கணம் பார்ப்பது. நீ வளர வளர அது தானாய்த் திருந்திப் போயிற்று. இப்போது நீ என்னோடு கதைக்கிற தமிழில் ஒரு பிழையும் இல்லை, எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லா வசனமும் சரி, மரியாதையும் சரி. இருந்தும் அவை எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கு எழுத வந்தேன்.

நவராத்திரி கடைசி நாள் சரஸ்வதி பூசைக்கு அம்மா குசினியில் அவல் குழைத்துக்கொண்டு நின்றாள், என் போன் கிணுகிணுத்தது. எங்கள் குடும்பத்து வாட்சப் குழுமம், லண்டனில் இருக்கிற மச்சாள்மார், ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பா பிள்ளைகள், நான் முகம் மறந்துபோனவர்கள் எல்லாரும் இருக்கிறார்களே, அதில் நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். எல்லாருக்கும் வணக்கம், நானும் மாறனும் தை மாதம் கலியாணம் செய்கிறோம், சின்னதாய் ஒரு பூங்காவில், தூரம் என்று தெரியும், வர ஏலுமானவர்கள் வந்தால் சந்தோசம், ஆனால் ஒருவருக்கும் ‘நோ பிரஷர்’ என்று. கீழே ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்தது. எல்லாருக்கும் என்றால் அதில் நானும் ஒருவன், அம்மாவும் ஒருத்தி. தமிழ்மாறனைப் பற்றி நீ போன வருடமே சொன்னாய், கோயம்புத்தூர்ப் பிள்ளை, உன்னோடு வேலை செய்கிறவன் என்று. நாங்கள் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்து நெற்றி நல்லாயிருக்கு என்றாள் அம்மா, எங்கள் பொருத்தம் பார்ப்பு அவ்வளவுதான். நாள் எப்ப வைப்பம் அப்பா என்று நீ கேட்பாய் என்று நான் இருந்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு அந்தச் செய்தியை இன்னொரு தரம் வாசிப்பதற்குள் லண்டன் மச்சாள் கேக் படம் போட்டுவிட்டாள், தம்பி அறைக்குள் இருந்தபடியே பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டான். நான் என்ன படம் போடுவது. அம்மா கையில் சர்க்கரையோடு வந்து என்னப்பா என்று கேட்டாள், மகளுக்குக் கலியாணமாம் என்றேன். ‘ஆரின்ர மகளுக்கு?’ என்று கேட்டாள். நான் போனை அவளிடம் நீட்டினேன், அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தாள், பிறகு அன்றைக்குப் படைத்த அவலில் சர்க்கரை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ போன் எடுத்தாய், எடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைத்தேன் என்று பிறகு சொல்லக்கூடாது. ‘அப்பா, உங்களுக்கு இடுப்பில நாரி நோ, அம்மாக்கு முழங்கால், இவ்வளவு நேரம் பிளேனில இருக்கிறது கஷ்டம். வந்தா நல்லம், ஆனா வரோணுமெண்டு கட்டாயமில்லை. ஸூமில வடிவாப் பாக்கலாம்.’ நான் கேட்டேன், அப்ப தாரை வார்ப்பது யார் என்று. நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மாறனின் மாமாவும் மாமியும் சிட்னியில் இருக்கிறார்களாம், தாய் தகப்பன் இல்லாத இடத்தில் அவர்களும் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம், ‘அதெல்லாம் நாங்கள் சமாளிப்பம் அப்பா, நோ வொரிஸ்’ என்றாய். சோறு காணாவிட்டால் சமாளிப்பார்கள், கதிரை காணாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிச் சமாளிப்பார்கள், தகப்பனை எப்படியம்மா சமாளிக்கிறது. நோ வொரிஸ் அந்த ஊர்ச் சொல் என்று தம்பி விளக்கம் சொன்னான், அங்கே எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்லுவார்களாம். கவலை இல்லை என்று சொல்ல முதல், கவலை யாருக்கு என்று கேட்கவேண்டாமோ. எனக்கு இருந்தது. உன் கையை எடுத்து ஒருவன் கையில் வைக்கிற அந்த நேரத்தில் மட்டும்தான் ஐயர் சபையில் தகப்பனின் பெயரையும் அவன் தகப்பன், பாட்டன் பெயரையும் கேட்டுச் சொல்லுகிறார், மற்ற நேரமெல்லாம் பெண்ணின் தகப்பன் கதிரை அடுக்குகிறவன், பந்தியில் குறை நிறை பார்க்கிறவன். சிட்னி மாமா தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருடைய பாட்டன் பெயரைச் சொல்லி என் பிள்ளையைக் கொடுக்கிறதோ? நான் இருக்கிறேன், என் இரண்டு கையும் இருக்கிறது, ஐயரிடம் நீ என்னவென்று சொல்லிக் கேட்டாய் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அம்மா அப்போதெல்லாம் உன் பக்கம். ‘பிள்ளை எங்களுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாது எண்டுதான் அப்பிடிச் சொன்னவள், நீங்கள் ஏன் சொல்லுக்குச் சொல்லு கிண்டுறியள்’ என்று என்னோடு சண்டை. அது விளங்காத மடையன் இல்லை நான். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவரைக் கட்டாயமில்லை என்று கூப்பிட்டால் அது வராதே என்பதுதான், இதை நான் உனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை, நீ வளர்ந்த வீட்டில் இந்தப் பாஷையைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாய். வரமாட்டார் என்று நல்லாய்த் தெரிந்தவரிடமும் ‘கட்டாயம் வரோணும், வராட்டிக் கோவம்’ என்றுதான் சொல்லுவோம். அவரும் வாறன் என்றுதான் சொல்லுவார். இரண்டு பேருக்கும் உள்ளது தெரியும், இருந்தும் அந்த வார்த்தையில் அவருக்கென்று ஒரு கதிரை போட்டு வைத்தாயிற்று. நீ கதிரையை எடுத்துவிட்டு, நிற்க ஏலுமென்றால் நில்லுங்கோ என்கிறாய். பிறகு தமிழ்மாறன் ஒரு நாள் போனில் எடுத்தார். மரியாதையான பிள்ளை, ‘அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் கண்டிப்பா வந்துடணும், எங்க அம்மா அப்பாவும் உங்கள பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க’ என்றார். நல்லது தம்பி என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகுதான் எரிந்தது. அவருடைய தாயும் தகப்பனும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு யாரும் கட்டாயமில்லை என்று சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவனை மாப்பிள்ளை கூப்பிடுகிறார். அழையா வீட்டுக்குள் நுழையாச் சம்பந்தி என்பார்கள், பெண் வீட்டுக்காரனே அழைப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிற கலியாணத்தை அந்தப் பழமொழி சொன்னவன் கண்டிருக்கமாட்டான். செத்த வீடு ஒன்றுக்குத்தான் எங்களில் சொல்லாமல் போவது. அந்த ஆத்திரத்தில், நான் கண்ணை மூடினால் மகளுக்கும் ஒரு செய்தி போட்டுவிடு, வரக் கட்டாயமில்லை, ஸூமில் வடிவாய்ப் பார்க்கலாம் என்று போடு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்குத் தம்பிதான் சோறு போட்டுத் தந்தான்.

இனி நான் செய்ததைக் கேள். அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, சேலையை மாற்று, கலியாணம் சொல்லப் போவோம் என்றேன். யாருடைய கலியாணம் என்றாள். என் மகளின் கலியாணம், வேறு யாருடையது. நல்ல காரியத்தை வீடு வீடாய்ப் போய் வாயால் சொல்லுகிறது பெண்ணின் தாய் தகப்பன் வேலை, நீ போனில் ஒரு தட்டில் முடித்துவிட்டாய் என்பதற்காக எங்கள் வேலை முடிந்துவிடாது. கொண்டுபோய்க் கொடுக்க அழைப்புக் காட் இல்லை, உன்னுடைய காட் போனுக்குள் இருக்கிறது. ஜான்-டலோன் சந்தையில் பழமும் பூவும் வாங்கினேன், எங்கள் தெருத் தமிழ்க் கடையில் வெற்றிலை வாங்கினேன். அம்மா சந்தனமும் குங்குமமும் வெள்ளித் தட்டில் வைத்து மேலே துணி போட்டு மூடி, காஞ்சிபுரச் சேலைக்கு மேல் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் படிக்கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். அன்று தொடங்கி சனி ஞாயிறு என்றால் இதே வேலைதான். எந்த வீட்டிலும் கதவைத் திறந்து எங்கள் கோலத்தைப் பார்த்ததும் சந்தோசப்பட்டார்கள், இந்தக் காலத்தில் ஆர் இப்பிடி வந்து சொல்லுகினம் என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். எங்கே என்று கேட்டபிறகுதான் ‘மெல்பேர்ணிலயோ!’ என்று முகம் சுருங்கும். ஒருவராலும் வர ஏலாது, அது எனக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும். இருந்தும் நான் நெஞ்சை நிமிர்த்திக் கட்டாயம் குடும்பத்தோடு வரவேண்டும், வராவிட்டால் கோபம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். அவர்களும், பாப்பம் அண்ணை, லீவு கேட்டுப் பாக்கிறம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். நாங்கள் திரும்பிப் படியிறங்கும்வரை வாசலில் நின்று பார்த்தார்கள்.

பண்டசாலையில் என்னோடு பெட்டி இறக்கிய செபமாலையை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் முதல் சைக்கிளைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு வந்து தந்தவர். அங்கேயும் போனோம். அவர்கள் வேதக்காரர், குங்குமம் வைக்கமாட்டார்கள் என்று அம்மா அவருடைய மனைவி அல்போன்சம்மாவுக்குச் சந்தனமும் பூவும் கொடுத்தாள். அல்போன்சம்மா ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கிறவள் இல்லை, எங்கள் கோயிலில் தகப்பன்தான் பிள்ளையின் கையைப் பிடித்துப் பீடம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது, உங்களில் என்ன முறை அண்ணை என்று சும்மா கேட்டாள். நான் விளக்கமாய்ச் சொல்லத் தொடங்கினேன். தகப்பன் மகளின் வலக்கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைப்பான், தாய் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்ப்பாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் தட்டின் துணியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டேன். மிச்சத்தை அம்மா சொல்லி முடித்தாள். செபமாலை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘டிக்கற் போட்டாச்சோ அண்ணை?’ என்று கேட்டார். இன்னும் இல்லை, விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று பார்க்கிறேன் என்றேன். மகளின் கலியாணத்துக்கு விலை இறங்கக் காத்திருக்கிற தகப்பன் என்று அவர் என்னை நினைத்திருப்பார், நினைக்கட்டும், கூப்பிடக் காத்திருக்கிறேன் என்று சொல்லுவதிலும் பார்க்க அது பரவாயில்லை. அல்போன்சம்மா வெட்டித் தந்த கேக்கை மென்று விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியாய் மிஞ்சியது நிரஞ்சனி சித்தி வீடு. அம்மாவின் சொந்தத் தங்கைக்கு முதலில் சொல்லியிருக்கவேண்டும், அவள் வாய்க்குப் பயந்து நான்தான் பின்போட்டுக்கொண்டு வந்தேன், இன்றைக்கு மத்தியானம் லவாலுக்குப் போனோம். ‘உண்மையைச் சொல்லப்போனா அத்தான், அவள் குறூப்பில போடேக்கையே எனக்குத் தெரியுந்தானே, எனக்கும் வந்து சொல்லோணுமோ? நான் என்ன பிறத்தியாளோ?’ என்றாள். இதுவும் எனக்கு ஆகாத வசனம். போகாமல் விட்டிருந்தால் அதே வாய் பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சொல்லிக்காட்டும். ஆனால் அம்மா குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தபோது அவள் கண் நிறைந்துவிட்டது, அது நடிப்பில்லை, உன்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். தேத்தண்ணீர் குடித்து முடிய, நீங்கள் இரண்டு பேரும் எப்ப வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி யார் கேட்டாலும் உனக்காக ஏதாவது சாட்டுச் சொல்லுகிறவள் அம்மா, பிள்ளைக்கு வேலை கூட, இனித்தான் எல்லாம் ஒழுங்கு செய்வாள் என்று. இன்றைக்கு அவள் தட்டைத் துணியால் மூடிவிட்டு, வாறம் நிரஞ்சனி என்று எழும்பினாள்.

திரும்பி மெத்ரோவில் ஏறி, ஜான்-டலோனில் மாறி, எங்கள் தெருவுக்கு நடந்து வரும்வரை அவள் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போது இங்கே பின்னேரத்தோடேயே இருட்டிவிடுகிறது. வெளிப்படியில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது, நான் முன்னால் ஏறித் திறப்பைக் கதவில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் மேற்படியில் நின்றுவிட்டாள், வீட்டுக்காரி மாதிரி இல்லை, கலியாணம் சொல்ல வந்த ஆள் மாதிரி நிற்கிறாள். ‘சொல்லுற வீடெல்லாம் சொல்லியாச்சு. எங்கட வீட்டுக்கு ஆர் சொல்லுறது?’ என்று கேட்டாள். கோபமாய்க் கேட்கவில்லை, பால் முடிஞ்சுதோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். நான் திறப்பைத் திருப்பினேன். உன் பக்கம் நின்று இவ்வளவு நாளும் என்னோடு சண்டை பிடித்தவள் அவள்தான், பிள்ளை. உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத இருந்தேன்.

ஆகவே சாம்பவி, எங்களை ஊரோடு சேர்த்து விருந்தாளியாக்கியது நீ. சரி, விருந்தாளியாகவே இருக்கிறோம், ஆனால் விருந்தாளியைக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, செபமாலைக்கு நான் செய்ததை எங்களுக்கு நீ செய். கடிதம் கிடைத்ததும் அம்மாவைப் போனில் எடு, குழுமத்தில் இல்லை, அவளோடு தனிய. எடுத்து, வாங்கோ என்று சொல்லு. அதற்குப் பின்னால் ஏலுமெண்டால் என்று வால் கட்டாதே, வந்தா நல்லம் என்று நீட்டாதே. நாரி என்னுடையது, முழங்கால் அவளுடையது, அதுகளைப் பற்றி யோசிக்கிறது எங்கள் பாடு. தமிழ் தடக்கினால் தடக்கட்டும், பிழையாய்ச் சொன்னாலும் எங்களுக்கு விளங்கும், பழைய மாதிரி அப்பா வரட்டாம் அம்மா வரட்டாம் என்று சொன்னாலும் போதும். உனக்குச் சொல்ல மனமில்லை என்றால் அதையும் நேரே சொல்லு, நான் சிட்னி மாமாவுக்கு என் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதி அனுப்புகிறேன், அவர் அதையாவது சரியாய்ச் சொல்லட்டும். நோ வொரிஸ் என்று மட்டும் சொல்லாதே.

வெயில் காலம் தொடங்குகிறது, உச்சி வெயிலில் திரியாதே, முகம் கறுத்துப் போகும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். காலையில் ஒரு வாய் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. உனக்கும் தமிழ்மாறனுக்கும் எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உண்டு, அது வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு, குறைவில்லாமல் நீடு வாழுங்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்க, அம்மா என் பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் விரித்துப் போடுகிறாள், நான் பார்த்தும் பாராத மாதிரி இருக்கிறேன். தட்டை இன்னும் கழுவி வைக்கவில்லை, அதில் ஒரு வீட்டுக்குப் போதுமான குங்குமம் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலை, உனக்கு இரவு, அந்த நேரத்தில் மீற்றிங் ஒன்றும் இராது, எடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பெண்ணின் தகப்பன்,
கந்தையா பேரின்பநாதன்